ஊரில் பல் வைத்தியம்: எச்.எஸ்.ஏ. பணத்தை எடுக்கலாமா?

எடிசன்_மதுரைக்காரி:
நியூஜெர்சியில் இருக்கிறேன். ரூட் கெனால், கிரவுன் எல்லாம் சேர்த்து இங்கே கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் பல்வலியே மறந்துபோச்சு. டிசம்பரில் மதுரை போகும்போது அங்கேயே முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். ஆபீஸ் மூலம் எச்.எஸ்.ஏ.வில் (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) சேர்ந்திருக்கும் பணத்தை இதற்கு எடுக்கலாமா? அப்படியே அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கும்? அம்மா ஊரில்தான் இருக்கிறார், மாதாமாதம் நான்தான் பணம் அனுப்புகிறேன்.

டல்லாஸ்_கணக்குப்பிள்ளை:
உங்கள் பல்லுக்குத் தாராளமாக எடுக்கலாம். வைத்தியம் வெளிநாட்டில் நடந்தது என்பதற்காக ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) தள்ளிவிடாது. எச்.எஸ்.ஏ. திறந்த பிறகு ஆன செலவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல்லை வெள்ளையாக்குவது மட்டும் சேராது, அதற்குத் தனி பில் கேளுங்கள்.

எச்.எஸ்.ஏ. கார்டை நம்பிப் போகாதீர்கள். கைக்காசில் கட்டிவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் காலக்கெடுவே கிடையாது, பத்து வருடம் கழித்துக்கூட எடுக்கலாம். நான் ரசீதுகளை ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் வளரவிட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்தக் கணக்கின் அருமையே அதுதான். ஆனால் ரசீது ஒழுங்காக இருக்கணும். ஊரில் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தருவார்கள், விடாதீர்கள். லெட்டர்ஹெட்டில் உங்கள் பெயர், தேதி, செய்த வைத்தியம், ரூபாய் எல்லாம் வேண்டும். கட்டிய நாளின் டாலர் மதிப்பையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மா விஷயம் அப்படியில்லை. நீங்கள் பணம் அனுப்புவது மட்டும் போதாது. வரிச்சட்டப்படி அவர் உங்கள் டிபெண்டன்டாக, அதாவது உங்களைச் சார்ந்தவராக இருந்தால்தான் எடுக்கலாம். அதற்குப் பொதுவாக அவர் அமெரிக்கக் குடிமகளாகவோ, வரிக்கணக்கில் இங்கே ரெசிடென்டாகவோ, கனடா, மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்கணும். மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு எடுத்தால் அந்தத் தொகைக்கு வருமான வரி உண்டு. உங்களுக்கு 65 வயது ஆகாததால் மேலே 20 சதவீத அபராதமும் வரும். கண் ஆபரேஷனைக் கைக்காசில் செய்துவிடுங்கள்.

சியாட்டில்_அக்கா:
மருந்தையும் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. டாக்டர் எழுதிக்கொடுத்து, ஊரில் வாங்கி அங்கேயே சாப்பிட்டு முடித்தால் கணக்கில் வரும் (அந்த மருந்து இங்கேயும் சட்டப்படி செல்லணும்). நாமெல்லாம் பெட்டியில் அடைத்துக்கொண்டு வருகிறோமே ஆறு மாத மாத்திரை, அது பொதுவாக வராது. அப்புறம், உங்களுடையது எச்.எஸ்.ஏ.தானா, எஃப்.எஸ்.ஏ.வா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஃப்.எஸ்.ஏ. (ஆபீஸ் மூலம் அந்தந்த வருட மருத்துவச் செலவுக்கு ஒதுக்கும் கணக்கு) என்றால் பத்து வருடக் கதையெல்லாம் நடக்காது, வருடத்துக்குள் செலவழிக்காத பணத்தில் பெரும்பகுதி போய்விடும்.

எடிசன்_மதுரைக்காரி:
எச்.எஸ்.ஏ.தான் அக்கா, பார்த்துவிட்டேன். ஆனால் அதில் போட்ட பணத்துக்கும் மாநில வரி பிடித்திருக்கிறார்களே?

டல்லாஸ்_கணக்குப்பிள்ளை:
நியூஜெர்சியும் கலிஃபோர்னியாவும் எச்.எஸ்.ஏ. சலுகையை ஏற்பதில்லை, அதனால் பிடித்தது சரிதான். மத்திய வரியில் சலுகை அப்படியே இருக்கிறது. பணம் எடுக்கும் வருடம் மத்திய வரிக்கணக்கோடு தரும் படிவம் 8889-ல் காட்ட மறக்காதீர்கள்.