கைக்குழந்தையோட மலை ரோட்டுல கார் ட்ரிப், போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், அடுத்த மாசம் நானும் வீட்டுக்காரரும் 8 மாசப் பாப்பாவோட கார்லயே மலைக்குப் போகலாம்னு இருக்கோம், ரோடு ரெண்டு பேருக்குமே புதுசு. ராத்திரி கிளம்பினா பாப்பா தூங்கிடும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா தெரியாத கொண்டை ஊசி வளைவுல இருட்டுல போறதுக்கு எனக்கு மனசே இல்ல, அதனால விடிஞ்சதும்தான் கிளம்புறோம். சிக்னல் போனாலும் பரவால்லன்னு மேப்பை ஆஃப்லைன்ல இறக்கியாச்சு, இறக்கத்துல பிரேக் சூடாகாம செகண்ட் கியர்லயே இறங்கணும்னு அவருக்கும் தெரியும்.

என் கவலையெல்லாம் பாப்பா காதுதான். ஏறி இறங்கும்போது காது அடைக்கும், பால் குடிச்சு முழுங்கினா சரியாகும்னு தெரியும், ஆனா ஓடுற வண்டில கார் சீட்டுல இருந்து எடுத்து மடில வெச்சு குடுக்கவே மாட்டேன், அப்போ எவ்ளோ தூரத்துக்கு ஒருக்கா ஓரம் கட்டினீங்க, வளைவு இல்லாத அகலமான இடம் முன்னாடியே எப்டி பாத்து வெச்சீங்க? இன்னொண்ணு, தூங்கினா பாப்பா தலை முன்னாடி தொங்கி தாடை நெஞ்சுல முட்டுது, மூச்சு முட்டிடுமோன்னு பயமா இருக்கு. பின்பக்கம் பாத்த மாதிரி மாட்டுற சீட்தான், ஏத்தத்துலயும் இறக்கத்துலயும் அதோட சாய்வு மாறுமே, நீங்க எப்டி செட் பண்ணீங்க?