மறு: ப்ரெவலன்ஸ் – 'பரவல்' வேண்டாமே

வணக்கம். ப்ரெவலன்ஸ் (prevalence), அதாவது ஒரு நேரத்தில் மக்களில் எத்தனை பங்கினருக்கு ஒரு நோய் இருக்கிறது என்ற கணக்கு. அதற்கான தமிழ்ச் சொல் பற்றி நீங்கள் எழுதியது:

> "நோய்ப் பரவல்" என்றே வைத்துக்கொள்வோம். நாளிதழ்களில் பழகிய சொல்தானே.

பழகியதுதான் சிக்கல், ஐயா. பரவல் என்றதும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதாகத்தான் தோன்றும். "பிரிட்டனில் நீடித்த கோவிட் பரவல் 2.9 சதவீதம்" என்று ஒரு கட்டுரையில் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த என் அக்கா, "பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டிக்குமா?" என்றார். அன்றே அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

அந்த 2.9 எப்படி வந்தது? நாட்டின் புள்ளியியல் அலுவலகம், மாதிரிக்காகத் தேர்ந்த வீடுகளில் இருந்தவர்களிடம், கோவிட் வந்து 4 வாரங்களுக்குப் பிறகும் வேறு காரணம் இல்லாத அறிகுறிகள் தொடர்கின்றனவா என்று கேட்டது. 2023 மார்ச் 5-இல் முடிந்த நான்கு வாரக் கணக்கில், சுமார் 19 லட்சம் பேருக்கு இருந்தது. அவர்களில் 41 சதவீதத்தினருக்கு முதல் தொற்று வந்து இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருந்தது. ஆக, இது அந்த மாதம் பரவியது இல்லை. வற்றாமல் தேங்கி நின்றது.

மேட்டூர் அணைச் செய்தியில் நீர்வரத்து ஒன்று, நீர் இருப்பு வேறொன்று. ஒரு காலத்தில் புதிதாக நோய் வருவதைச் சொல்லும் இன்சிடென்ஸ் (incidence) வரத்து, ப்ரெவலன்ஸ் இருப்பு. வரத்து குறைந்தாலும் இருப்பு அப்படியே நிற்கலாம். 'நோயிருப்பு' என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ரேஷன் கடைப் பலகை மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை 'நிலவல்'. வறட்சி நிலவுகிறது, பனிமூட்டம் நிலவுகிறது என்று தினமும் சொல்கிறோம். நோய் நிலவல், நிலவல் விகிதம். இன்சிடென்ஸுக்குப் 'புதுநோய் வீதம்'. விகிதம், வீதம் இரண்டையும் வேண்டுமென்றேதான் பிரித்திருக்கிறேன்: முன்னது மொத்த மக்களில் ஒரு பங்கு, பின்னது காலக்கணக்கு.

அப்புறம், நிலவல் என்று மட்டும் எழுதினாலும் போதாது. அதே அலுவலகம் 2021 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், தொற்று வந்தவர்களை 12 வாரம் கழித்து மூன்று விதமாக எண்ணியது. அவற்றில் இரண்டைப் பாருங்கள். அறிகுறி இடைவிடாமல் நீடித்தவர்களை எண்ணினால் 3 சதவீதம். "உங்களுக்கு நீடித்த கோவிட் இருக்கிறதா?" என்று அவர்களையே கேட்டால் 11.7. எதை எண்ணினோம் என்பதைச் சொல்லும் அடைமொழி ஒன்று முன்னால் வந்தே ஆக வேண்டும். நோயாளியே சொன்னதற்குத் 'தற்கூற்று நிலவல்' என்று எழுதி, பண்டித வாடை அடித்ததால் அழித்துவிட்டேன். உங்களிடம் நல்ல சொல் இருக்கிறதா?