'வீ நோ த டெவில்': தனித்து விடப்படும் மூன்றாவது ஆள் இந்த கேமின் பலமா, பலவீனமா? (முடிவுகள் பற்றிய ஸ்பாய்லர் உண்டு)

நடுநிசி வானொலி:
2015-ல் வந்த சின்ன விஷுவல் நாவல், அதாவது படமும் எழுத்துமாக நகர்ந்து, இடையிடையே நம்மைத் தேர்வு செய்யச் சொல்லும் கதை கேம். கிறிஸ்தவக் கோடை முகாம் ஒன்றில் நெப்டியூன், ஜூபிடர், வீனஸ் என்ற மூன்று பதின்வயதினர். காட்டுக் குடிசையில் ஓர் இரவு தங்கி, சாத்தான் வந்தால் எதிர்கொள்ள வேண்டும். நாம் அவர்களில் ஒருவராக ஆடுவதில்லை. கேம் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: இப்போது எந்த இருவர் சேர்ந்திருப்பது? அதிகம் தனித்து விடப்பட்டவரைச் சாத்தான் பிடித்துக்கொள்கிறது. காதல் விஷுவல் நாவல்களில் பிடித்தவருக்குப் புள்ளி சேர்த்துக்கொண்டே போவோம், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இதில் அந்தக் கணக்கு முழுக்கக் கண்முன் வந்துவிடுகிறது. பால்புதுமையர் (குயர்) கதை சொல்லும் கேம்களில் இவ்வளவு கச்சிதமான ஆட்ட விதி அபூர்வம்.

கறார் வாசகர்:
விதி கச்சிதம்தான். அதுவே கடைசியில் கதையின் காலை வாருகிறது. முடிவுகள் நான்கு. மூன்றில் ஒவ்வொருவர் பலியாகிறார். நான்காவதில் மூவரும் சேர்ந்து சாத்தானாக மாறுகிறார்கள். அந்த நான்காவதைப் பெற, மூவரையும் சம அளவில் ஒதுக்க வேண்டும். இது தெரிந்த பிறகு யாரும் காட்சியைப் படிப்பதில்லை, எண்ணத்தான் செய்கிறார்கள்: போன முறை ஜூபிடரை விட்டேன், இந்த முறை நெப்டியூனை விடணும். 'யாரையும் ஒதுக்காதே' என்று சொல்லும் கதை, முறை வைத்து ஒதுக்கினால் பரிசு தருகிறது. தவிர, மறு ஆட்டத்தில் பொதுக் காட்சிகள் அப்படியே திரும்ப வருகின்றன. ஸ்கிப் அழுத்தி ஓட்டும்போது அந்த இரவின் இறுக்கம் போய்விடுகிறது.

நடுநிசி வானொலி:
முறை வைப்பதை ஏன் குறையாகப் பார்க்கிறீர்கள்? மூன்று பேர் நட்பே அப்படித்தான். ஒற்றையடிப் பாதையில் இருவர் பேசிக்கொண்டு முன்னே போவார்கள், ஒருவர் பின்னால் வருவார். யாரும் பின்தங்காத பாதை கிடையாது. எப்போதும் ஒரே ஆள் பின்தங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முடியும். பிடிபட்டவரின் உருவத்தையும் கவனியுங்கள். தொடும் ஆசையை அடக்கிக்கொண்டே இருக்கும் ஜூபிடருக்கு முளைப்பது கைகள். வீனஸிடமிருந்து வெளிப்படுவது ஒளி. அடக்கி வைத்த ஆசைதான் அந்த உருவம் எடுக்கிறது. மற்ற இருவரும் அதை அடித்து விரட்டி 'காப்பாற்றிய' பிறகு வரும் வெறுமை, பால்புதுமையரை 'மாற்றிவிடுவதாக'ச் சொல்லும் மனமாற்றச் சிகிச்சை என்ற கொடுமையைப் பற்றி நூறு வசனம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

எச்சவிகுதி:
இருவரும் தொடாத ஒன்று: வீனஸ் திருநங்கை. ஆனால் கதைசொல்லி பெரும்பகுதி 'அவன்' என்ற ஆண்பால் சுட்டையே வைத்திருக்கிறார், மாறுவது பின்னால்தான். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சுட்டுப்பெயர் (he, she) மாறினால் போதும். தமிழில் யாராவது மொழிபெயர்த்தால் ஒவ்வொரு வினைமுற்றும் மாட்டும்: வந்தான், சிரித்தான், நின்றான். 'வந்தார்' என்று போட்டால் தப்பிக்கலாம் என்று தோன்றும், ஆனால் கூட்டாளியைப் பற்றிச் சொல்வது வாத்தியாரைப் பற்றிச் சொல்வது போல ஆகிவிடும். 'வீனஸின் சிரிப்பு', 'வீனஸ் வந்ததும்' என்று விகுதி வராமல் எழுதலாம். அப்படிச் செய்தாலோ, கடைசியில் 'அவள்' என்று விழும்போது கிடைக்கவேண்டிய அதிர்வு பாதியாகிவிடும். ஆன் விகுதியோடு தொடங்கி, அந்த ஒரு வரியில் ஆள் விகுதிக்கு மாறுவதே நேர்மை.

கறார் வாசகர்:
அங்கேதான் என் பெரிய குறை. நெப்டியூன் முடிவோடு ஒருவர் நிறுத்திக்கொண்டால், வீனஸைப் பையன் என்றே நினைத்துக்கொண்டு போவார். ஒரு கதாபாத்திரத்தின் அடிப்படை உண்மையை ஒரே ஒரு ரூட்டுக்குள் (நம் தேர்வுகள் திறக்கும் கதைப்பாதைக்குள்) பூட்டலாமா? 'ஹஸில் கேட்' (2016) என்ற காதல் விஷுவல் நாவல் தொடக்கத்திலேயே நம் சுட்டுப்பெயரைக் கேட்டுவிடுகிறது. ஆறு பேரில் யாரையும் காதலிக்கலாம், யாரும் தப்பாக அழைக்கப்படுவதில்லை.

நடுநிசி வானொலி:
ஆம், அந்த மரியாதை பெரிது, குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதில் எதைத் தேர்ந்தாலும் கதை அசையாது. இங்கே முகாம் சொல்லும் பொய்யையே கதைசொல்லியும் சொல்கிறார், பொய் உடையும்போது நமக்கும் வலிக்கிறது. பூட்டு பற்றிய குறையை மட்டும் ஏற்கிறேன். ஒரு முடிவு பார்த்ததும் 'இன்னும் மூன்று உண்டு' என்று கேமே சொல்லியிருக்க வேண்டும்.

எச்சவிகுதி:
புதிதாக ஆடுபவர்களுக்கு: முதல் ஆட்டம் வழிகாட்டி இல்லாமல், மனம்போனபடி. ஒவ்வொரு தேர்விலும் தனி ஸ்லாட்டில் சேவ். அடுத்த ஆட்டங்களில் முதலிலிருந்து ஓடவேண்டாம், நடு சேவ் ஒன்றிலிருந்து கிளையுங்கள். ஆனால் பிந்தைய சேவ் வேண்டாம். அதற்குள் எண்ணிக்கை ஒருபக்கம் சாய்ந்திருந்தால், மிச்சத் தேர்வுகளை எப்படி மாற்றினாலும் அதே முடிவுதான் வரும்.

கறார் வாசகர்:
வீனஸ் முடிவை நான்காவதற்கு முன்னால் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதைத் தவறவிட்டவருக்கு, கடைசி முடிவில் அவள் ஏன் அப்படிச் சிரிக்கிறாள் என்று விளங்காது.