பெரிய கட்டுமான வேலை உள்ளே எப்படி நடக்கிறது? மொரிஷியஸில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திரி தொடங்கியவர், கத்ர் போர்ன்

இந்தத் தீவில் மெட்ரோ, மேம்பாலம், தொழிற்கூடம், கிடங்கு என்று ஏதாவது ஒரு பெரிய வேலையில் இருந்த தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஊரில் இருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு, இங்கேயே பிறந்தவர்களும் உண்டு. ஒரு கம்பெனி டெண்டர் எடுத்த நாளில் இருந்து சாவியைக் கையில் கொடுக்கும் நாள்வரை உள்ளே என்னதான் நடக்கிறது? என் தம்பி மகன் சிவில் முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வரப்போகிறான். அவனுக்குப் படிக்கக் கொடுக்கப்போகிறேன். நேரில் பார்த்ததை எழுதுங்கள்.

சிவில் இன்ஜினியர், ரோஸ் ஹில்

நல்ல கேள்வி ஐயா. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தூண் எழும்புவதும் கிரேன் சுற்றுவதும்தான் வேலை. சைட்டில் இருப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட நிம்மதியான காலம். தேதிக்கு முடியுமா முடியாதா என்பது அதற்கு வெகு முன்பே, மண்ணுக்கு அடியிலும் மேஜை மேலும் தீர்மானமாகிவிடும்.

மெட்ரோ எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் லார்சன் அண்ட் டூப்ரோவுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. வரைபடம் போடுவதும் கட்டுவதும் ஒரே ஒப்பந்தக்காரர் பொறுப்பு. போர்ட் லூயியில் இருந்து கியூர்பிப்வரை சுமார் 26 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் பழைய ரயில் தடத்தை ஒட்டியே போகிறது. 1860களில் போட்ட அந்த ரயிலில் 1956இல் பயணிகள் வண்டி நின்றது, 1964இல் எல்லாமே நின்றது. அதனால் மெட்ரோ வேலை தொடங்கிய புதிதில், தடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, தண்டவாளம் போட்டால் முடிந்தது என்று பலர் பேசினார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த நீளமான அரசு நிலம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுபோக அதைவிட வசதியான இடம் ஏது? சாக்கடைக் குழாய், மின் கேபிள், தொலைபேசிக் கேபிள், மழைநீர் வாய்க்கால் எல்லாம் ஒவ்வொன்றாக அதற்குள் வந்து குடியேறிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு துறை, ஒவ்வொரு காலத்து வரைபடம்.

இப்படிப்பட்ட இடத்தில் மெஷினை இறக்க முடியாது. முதலில் ரேடார் கருவியைத் தரையில் உருட்டிக் குறி போடுவார்கள். குறி போட்ட இடத்தில் ஆள் வைத்துக் கடப்பாரை, மண்வெட்டியால் சோதனைக் குழி. நான் நின்ற ஒரு குழியில் வரைபடப்படி ஒரே ஒரு கேபிள்தான் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் தோண்டியதும் கடப்பாரை 'ணங்' என்றது. உள்ளே வார்ப்பிரும்புக் குழாய். எந்த வரைபடத்திலும் அது இல்லை. தண்ணீர் ஓடுகிறதா, செத்த குழாயா என்று யாருக்கும் தெரியவில்லை. தோண்டிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் குழியில் இறங்கிக் குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஓடுகிறது என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான், அந்த இடத்தில் வேலை நின்றது. குழாயை நகர்த்துவதா, அஸ்திவாரத்தை நகர்த்துவதா? நகர்த்தினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும், எத்தனை மணி நேரம், யார் அறிவிப்பது? இதற்கெல்லாம் பதில் வந்து, திருத்திய வரைபடத்தில் கையெழுத்து ஆகிறவரைக்கும் அங்கே ஒரு கூடை கான்கிரீட் விழாது. கேங் (தொழிலாளர் குழு) சும்மா உட்காரக் கூடாது என்று அவர்களை வேறு இடத்துக்கு மாற்றுவோம். அந்த வேறு இடம் தயாராக இருக்கிறதா என்பதில்தான் ஒரு பிளானிங் இன்ஜினியரின் திறமை தெரியும்.

குழாய்க்கும் இந்த மெட்ரோவில் ஓடும் டிராமுக்கும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு உறவும் உண்டு. டிராம் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் மேலே கம்பியில் வந்து தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகிறது. அதில் கொஞ்சம் மண்ணுக்குள் கசிந்தால் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயை வருடக்கணக்கில் அரித்துவிடும். இதைத் தடுக்கத் தண்டவாளத்தைச் சுற்றி ரப்பர் உறை போடுவார்கள். அடியில் இருக்கும் கான்கிரீட் பலகையின் கம்பிகளை வெறுமனே கட்டாமல், குறித்த இடங்களில் வெல்டிங் வைத்து, ஒரு முனையில் இருந்து மறு முனைவரை மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கான்கிரீட் போடுவது வழக்கம். மூடிவிட்டால் மறுபடி பார்க்க வழியில்லை. இப்படி 'பார்க்காமல் தாண்டக் கூடாது' என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் இடங்களுக்கு ஹோல்ட் பாயிண்ட் என்று பெயர். தம்பி படிக்கப்போகிறார் என்பதால் சொல்கிறேன், சேர்ந்த முதல் வாரமே அந்த இன்ஸ்பெக்‌ஷன் பிளானைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வேலை எங்கே நிற்கும் என்பது முழுக்க அதில் இருக்கும்.

கொள்முதல் பிரிவு, போர்ட் லூயி

நான் இங்கேயே பிறந்தவள். அண்ணா மண்ணுக்கு அடியில் இருப்பதைச் சொன்னார், நான் கப்பலில் வருவதைச் சொல்கிறேன்.

மொரிஷியஸில் கருங்கல்லைத் தவிர ஏறக்குறைய எதுவும் கிடையாது. சிமெண்ட், பிட்டுமன் (தார்) எல்லாம் கடல் வழிதான். மணல்கூட ஆற்று மணல் இல்லை. முன்பு கடற்கழியில் இருந்து பவள மணல் எடுத்தார்கள். அது பவளப் பாறைகளையும் கரையையும் கெடுக்கிறது என்று 2001இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது எரிமலைப் பாறையை உடைத்து வரும் கல் மணல்தான், ஊரில் எம்-சாண்ட் என்பீர்களே, அதே. அதில் தூள் அதிகமானால் கான்கிரீட் தண்ணீர் கேட்கும். தண்ணீர் விட்டால் பலம் போகும். அதனால் குவாரியில் இருந்து வரும் ஒவ்வொரு சரக்கையும் சல்லடைச் சோதனைக்கு அனுப்புவோம்.

எங்கள் பிரிவில் சுவரில் ஒரு பட்டியல் தொங்கும். பாலத்தின் மேல்தளத்தைத் தூண் மேல் தாங்கும் பேரிங், எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட், டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச்கியர், லிஃப்ட் என்று ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பொருள்கள் அதில் இருக்கும். பேரிங் எப்போது வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பின்னாலேயே போனால், ஆர்டர் கொடுக்க வேண்டிய நாள் தூண் எழும்பும் முன்பே வந்து நிற்கும். அதற்கு டிசைன் முடிந்திருக்க வேண்டும், மாதிரிக்கு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். சைட்டில் இருந்து "இன்னும் நேரம் இருக்கிறதே மேடம்" என்பார்கள். இல்லை என்று சண்டை போடுவதுதான் என் வேலை!

அப்புறம் புயல். நவம்பரில் இருந்து ஏப்ரல்வரை இதைக் கணக்கில் வைக்காத அட்டவணை அட்டவணையே இல்லை. வகுப்பு 1 எச்சரிக்கை வந்தால் தகரம், பலகை, வேலி எல்லாவற்றையும் கட்டி வைப்பார்கள். வகுப்பு 2இல் மொபைல் கிரேனின் பூம் (நீளமான கை) கீழே இறங்கிவிடும். டவர் கிரேனை மட்டும் கட்டக் கூடாது, பிரேக்கை விடுவித்து, காற்று அடிக்கும் திசைக்குக் கை தானாகத் திரும்பும்படி விட்டுவிடுவார்கள். வகுப்பு 3க்கு எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் பத்சிராய் புயல் வந்தபோது கியூர்பிப் பக்கம் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த காலம். தீவு முழுக்க நின்றது. காற்று போனவுடன் வேலை தொடங்காது. குழிகளில் தண்ணீர் இறைக்க வேண்டும், சென்ட்ரிங் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும், துறைமுகம் திறக்க வேண்டும், காத்திருக்கும் கப்பல்கள் வரிசையில் வர வேண்டும். ஒரு புயலுக்கு இரண்டு நாள் என்று எழுதும் பிளானர்களை நான் நம்புவதில்லை.

சர்வேயர், ரீயூனியன்

பக்கத்துத் தீவில் இருந்து ஒரு சின்னச் சேர்க்கை. பொருளை முன்கூட்டியே உறுதி செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் புதிய கடலோரச் சாலையைவிடப் பெரிய சான்று கிடையாது. செயின்ட் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் நடுவே மலைச் சரிவில் இருந்து பாறை விழும் பழைய சாலைக்குப் பதிலாகக் கடலிலேயே ஒரு சாலை. ஒரு பகுதி 5.4 கிலோமீட்டர் மேம்பாலம், மற்றது பாறை கொட்டிக் கட்டும் அணைகரை. பாலத்துக்கு அடித்தளங்களையும் தூண்களையும் லே போர் துறைமுகப் பக்கம் தரையிலேயே வார்த்து, 'சூரித்' என்ற எட்டுக்கால் மிதவையில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய் இறக்கினார்கள். சில துண்டுகள் ஆயிரக்கணக்கான டன். அலை அடிக்கிற கடலில் அவ்வளவு கடினமான வேலை முடிந்து 2022 ஆகஸ்டில் வண்டி ஓடியது. கல்லைக் கொட்டினால் போதும் என்று தோன்றும் அணைகரைப் பகுதிதான் நின்றுபோனது. அத்தனை பாறைக்கு எந்தக் குவாரி என்பது தீராமலே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. புவா பிளாங் குவாரிக்கு மக்கள் எதிர்ப்பு, வழக்கு. கடைசியில் அந்த மிச்சப் பகுதியையும் பாலமாகவே கட்டலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கம்பி ஃபோர்மேன், வாக்வா

சார், மேடம் எல்லாரும் எழுதியாச்சு, நானும் சொல்றேன். புதுக்கோட்டைக்காரன், கம்பி வளைத்துக் கட்டும் பார் பெண்டிங் கேங் பார்க்கிறேன்.

எங்களுக்கு எல்லாமே போர் (pour) கார்டுதான். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஓடும் அந்தத் தாளில் கம்பி, சென்ட்ரிங், சர்வே, கரண்ட் ஆள், குவாலிட்டி ஆள், கடைசியில் உரிமையாளர் சார்பில் சரிபார்க்கும் கன்சல்டன்ட் என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் மிக்சர் வண்டி வாசலில் நிற்கும். பிளான்ட்டில் தண்ணீர் சேர்ந்த நேரத்தில் இருந்து கடிகாரம் ஓடுகிறது, நேரம் தாண்டினால் வண்டியோடு திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதனால் ஊற்றுவதற்கு முதல் நாள் சாயங்காலமே டார்ச் அடித்து, கம்பிக்கும் சென்ட்ரிங்குக்கும் நடுவே இடைவெளிக்கு வைக்கும் கவர் பிளாக்கை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவேன். இந்தத் தீவில் எங்கே நின்றாலும் உப்புக் காற்று. கம்பிக்கு வெளியே கான்கிரீட் கனம் குறைந்தால் சில வருடத்தில் துரு ஏறிச் சுவர் வெடிக்கும். கம்பி ரொம்ப நெருக்கமாக இருக்கிற தூணின் தலைப்பகுதியில், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி இறங்குமா என்று ஒரு தடவை விட்டுப் பார்ப்பேன். இறங்காவிட்டால் அன்றைக்கே இன்ஜினியரைக் கூப்பிடுவேன். டிராயிங்கில் அழகாக இருக்கும், ஊசி போக இடம் இருக்காது. கம்பியை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்ட அனுமதி வாங்கித் தருவார்கள். பெரிய ஸ்லாப் என்றால் ராத்திரியில்தான் ஊற்றுவோம். வெயிலும் இல்லை, ரோட்டில் டிராஃபிக்கும் இல்லை.

காலையில் வேலைக்கு முன் டூல்பாக்ஸ் டாக் என்ற பாதுகாப்புப் பேச்சு தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் கிரியோலிலும் நடக்கும். பாதுகாப்பு ஆபீசர் பேசி முடித்ததும் நான் எங்கள் பையன்களிடம், இப்போது என்ன சொன்னார், திருப்பிச் சொல்லு என்று கேட்பேன். தலையை ஆட்டினால் போதாது.

ஒரு வருத்தமும் உண்டு. முன்பு ஒரு கிடங்கு வேலைக்கு ஒரு சின்ன சப் கான்ட்ராக்டரிடம் இருந்தோம். மேலே இருந்து பில் வரவில்லை என்று எங்கள் சம்பளம் தள்ளித் தள்ளிப் போனது. வேலையை முடித்துக் கொடுத்தது நாங்கள், வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் இருந்ததும் நாங்கள். அந்தப் பணம் எங்கே மாட்டுகிறது என்று பில்லிங் பார்ப்பவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

பில்லிங் மற்றும் கான்ட்ராக்ட், எபேன்

அண்ணே, நான் சொல்கிறேன். மாதக் கடைசியில் செய்த வேலையை அளந்து ஆர்.ஏ. பில் (அதுவரை நடந்த வேலைக்கான இடைக்காலப் பில்) போடுவோம். கன்சல்டன்ட் சரிபார்த்துச் சான்று தருவார், அதன் பிறகுதான் உரிமையாளர் பணம் விடுவார். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்தம் செய்து கடைசிவரை வைத்திருப்பார்கள். மெயின் கம்பெனிக்கு முன்பணம் கிடைத்திருக்கும், வங்கிக் கடன் வசதியும் இருக்கும், இரண்டு மூன்று மாதம் தாங்கும். சின்ன சப் கான்ட்ராக்டருக்கு அது கிடையாது. எனக்குப் பணம் வந்த பிறகுதான் உனக்கு என்று மேலே இருப்பவர் எழுதி வாங்கியிருந்தால் அடி நேராகத் தொழிலாளி தலையில் விழுகிறது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். மாதச் சம்பளத்தை பில்லோடு முடிச்சுப் போடக் கூடாது. சேரும் முன் ஒப்பந்தத் தாளில் சம்பளத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாமதமானால் இங்கே தொழிலாளர் அமைச்சகத்தில் நேரில் போய்ப் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு.

ரோஸ் ஹில் சார் சொன்ன வார்ப்பிரும்புக் குழாய்க் கதையில் என் வேலையும் இருக்கிறது. பெரிய வேலைகளுக்கு ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தம் போடுவது வழக்கம். டிசைனும் ஒப்பந்தக்காரருடையது என்றால் அதில் மஞ்சள் புத்தகம் என்ற வகை. எதிர்பாராத பொருள் மண்ணில் கிடைத்தால் கூடுதல் நாள் கேட்கலாம், ஆனால் விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். சைட்டில் நல்ல மனிதர்களாகப் பேசித் தீர்த்துக்கொண்டோம் என்று கடிதம் எழுதாமல் விட்டு, பிறகு தாமத அபராதம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைய டைரிக் குறிப்பு, தேதி போட்ட படம், எத்தனை ஆள், எந்த மெஷின் சும்மா நின்றது என்ற கணக்கு, இவைதான் பின்னால் பேசும். தம்பி எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் தினமும் டைரி எழுதப் பழகட்டும்.

திரி தொடங்கியவர், கத்ர் போர்ன்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

சிவில் இன்ஜினியர், ரோஸ் ஹில்

ரிப்பன் வெட்டுவதை வைத்து இல்லை ஐயா. மெட்ரோவில் போர்ட் லூயி, ரோஸ் ஹில் பகுதியை 2019 அக்டோபரில் திறந்துவைத்தார்கள், பொதுமக்கள் ஏறியது அந்த ஆண்டுக் கடைசியில்தான். எந்த ஊர் ரயிலிலும் இந்த இடைக்காலம் வேண்டும். வண்டியை வெறுமனே ஓட்ட வேண்டும், மணல் மூட்டை ஏற்றி ஓட்ட வேண்டும், சாலைச் சந்திப்பில் சிக்னல் ஒத்துப்போகிறதா, பிளாட்ஃபார விளிம்பில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும், ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். 2021இல் கத்ர் போர்ன், 2022இல் கியூர்பிப், 2023இல் ரெதுவி என்று பகுதி பகுதியாகத் திறந்ததால், முதல் பகுதியில் கற்றதை அடுத்ததில் பயன்படுத்த முடிந்தது.

கட்டடம் என்றால் ஸ்நாக் லிஸ்ட். அறை அறையாகப் போய்க் கீறல், ஒழுகல், மூடாத கதவு என்று எழுதி, சரியானதை ஒவ்வொன்றாகப் பட்டியலில் அடிப்பார்கள். அதோடு கட்டியபடி வரைந்த வரைபடங்கள், பராமரிப்புக் கையேடுகள், உதிரிப் பாகங்கள், சோதனைச் சான்றுகள் எல்லாம் பெட்டி பெட்டியாகப் போக வேண்டும். அதற்குப் பிறகும் குறைபாடு சரிசெய்யும் காலம் என்று வழக்கமாக ஒரு வருடமோ இரண்டு வருடமோ உண்டு. அந்தக் காலம் முடிந்து, பிடித்துவைத்த பணத்தின் கடைசித் தவணை வந்தால்தான் கம்பெனிக் கணக்கில் அந்த வேலை மூடப்படும். அதற்குள் சைட்டில் இருந்த நாங்கள் எல்லோரும் வேறு வேறு நாட்டில் இருப்போம்.