தேசிக்காயில் "ரத்தம்": வகுப்பில் எப்படிச் செய்து காட்டுவது?

கொட்டகலை டீச்சர்: தோட்டத்தில் ஒருவர் தேசிக்காய் (எலுமிச்சை) வெட்டி ரத்தம் வரவைத்து, செய்வினை என்று காசு வாங்குகிறார். தரம் 8 பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட என்ன வேண்டும்?

மலைச்சாரல்: டீச்சர், சிவப்புச் செவ்வரத்தம்பூ (செம்பருத்தி) போதும். நாலைந்து இதழைக் கத்தியின் இரு பக்கமும் அழுத்தித் தேய்த்துக் காயவிடுங்கள். கருநீலக் கறை போலத்தான் தெரியும். வெட்டியதும் புளி பட்டுச் சிவப்பாக வடியும். நம்ம ஊர் ஈரத்தில் லேசில் காயாது, அடுப்படியில் வையுங்கள். துருப்பிடித்த கத்தி வேண்டாம், நிறம் கறுத்துவிடும், எவர்சில்வர்தான் சரி.

தேயிலைக்கொழுந்து: மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்த வெள்ளைத் துணியில் சுண்ணாம்புத் தெளிவைத் தொட்டு வைத்தாலும் ரத்தக் கறைதான். தேசிப்புளி விட்டால் திரும்ப மஞ்சளாகும். டப்பாவில் காய்ந்துபோன பழைய சுண்ணாம்பில் காரத்தன்மை இருக்காது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே 20 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழைய விஞ்ஞான சேர்: இலங்கையில் போலி அற்புதங்களை அம்பலப்படுத்திய பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரும் தாவரவியல் ஆசிரியர்தான். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் காட்டினால் ஒரு லட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை யாரும் வெல்லவில்லை. அந்த நிபந்தனைதான் முக்கியம். விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். கழுவிய கத்தியைப் பிள்ளையிடமே கொடுத்து, இன்னொரு காயை வெட்டச் சொல்லுங்கள்.