உலோகப் பரப்பில் பிளாஸ்மா: பூச்சா, ஊட்டமா, பதமா?

காரைக்குடியிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். பாலிடெக்னிக் மாணவர் கையேட்டின் கலைச்சொற் பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில், பிளாஸ்மா எனப்படும் அயனியாக்கப்பட்ட வாயுவால் உலோகப் பரப்பை மாற்றும் முறைக்கு இட்டுள்ள ‘பிளாஸ்மாப் பூச்சு’ பொருந்தாது. 1953 முதல் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கும் நம் ஊரில் பூச்சு என்றால் மாணவர்கள் மின்முலாம் என்றே கொள்வார்கள். இங்கே நடப்பது வேறு. தாழ்ந்த அழுத்தத்தில், நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் எஃகு எதிர்மின்வாயாக நிற்க, விரைந்து வரும் அயனிகள் மோதி அதன் ஆக்சைடுப் படலத்தைத் தெறிக்கச் செய்கின்றன. ஏறத்தாழ 500 பாகை செல்சியஸில் நைட்ரஜன் உள்ளே ஊடுருவி, இரும்பு நைட்ரைடாகிப் பரப்பைக் கடினமாக்குகிறது. ஆகவே ‘பிளாஸ்மா ஊட்டம்’ என்பதை முன்மொழிகிறேன். உண் என்பதன் பிறவினை ஊட்டு. நம் காளையார்கோயிலாகிய கானப்பேரின் கோட்டையைப் பாடும் புறநானூற்று 21ஆம் பாட்டில், கொல்லன் காய்ச்சிய இரும்பு உண்ட நீர், மீட்க முடியாததற்கு உவமையாக வருகிறது. இரும்பு உண்ணும் என்பது நமக்குப் பழைய வழக்கு.

தேவகோட்டையிலிருந்து:

ஐயா, பாட்டு அழகு, சொல் இடறுகிறது. மின்னூட்டம் படித்த மாணவர் இதைப் பிளாஸ்மாவின் மின்னூட்டம் என்றே எண்ணுவார். பிளாஸ்மாவை ஊட்டுவதா, பிளாஸ்மாவால் ஊட்டுவதா என்பதையும் தொகை மறைத்துவிடுகிறது. மேலும், ஆக்சிஜன் பிளாஸ்மா பரப்பில் படிந்த எண்ணெய்ப் பசையை நீக்கி, நீர்த்துளி பரவும்படி செய்கிறது. அங்கே ஊட்டப்படுவது யாது? ஹீலியம் பிளாஸ்மாவோ டங்ஸ்டனுக்குள் குமிழ்களாகத் தங்கி, உயர்வெப்பத்தில் பரப்பையே நுண்ணிழைகளாக்கிவிடுகிறது. அதைச் சிதைவு என்றல்லவா சொல்ல வேண்டும்? எல்லாவற்றுக்கும் பொதுவாகப் ‘பரப்புப் பதப்படுத்தல்’ போதும்.

கானாடுகாத்தானிலிருந்து:

சிதைவையும் பதப்படுத்தல் என்பீர்களா, ஐயா? தோலுக்கும் இறைச்சிக்கும் வழங்கும் அச்சொல்லைவிட ‘பரப்புத் திரிபு’ நேர்மையானது. நன்மை தீமை இரண்டையும் அது தாங்கும். முன்னொட்டாகப் பிளாஸ்மா வேண்டாம், ‘மின்மம்’ என்றே எழுதலாம். 1928இல் அமெரிக்க அறிவியலர் லாங்மியூர் கிரேக்கச் சொல்லை எடுத்து இட்ட பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

காரைக்குடியிலிருந்து:

அம்மா, மின்னணு, மின்னூட்டம், மின்மம் மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் முதலாண்டு மாணவர் தடுமாறுவார், பிளாஸ்மா நிற்கட்டும். பெரும்பாலோர் கேட்டபடி, வேண்டுமென்றே செய்வதற்குப் ‘பிளாஸ்மாப் பரப்புப் பதப்படுத்தல்’ என்றும், அயனி மோதி அணுக்கள் வெளியேறுவதற்குத் ‘தெறிப்பு’ என்றும் சேர்க்கிறேன். நைட்ரஜன் நுழையும் முறைக்கு மட்டும் ‘நைட்ரஜன் ஊட்டல்’ என்றிருக்கும். அதை நான் விடுவதாயில்லை. டங்ஸ்டன் சிதைவுக்குத் ‘திரிபு’ சரிதானா என்பதில் தேவகோட்டை ஐயா இன்னும் இசையவில்லை.