புகைமூட்ட நாட்களில் கொரோனா: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மூன்றாம்மாடி:
அப்பா கொரோனாவிலிருந்து தேறி வீட்டுக்கு வந்தாச்சு. விரலில் மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு பார்க்குற ஆக்சிமீட்டர் 96, 97னு காட்டிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் அந்தப் புகைமூட்டம். எதிர்க் கட்டடமே தெரியல. "ஜன்னலைத் திறந்தே வைங்க, காத்தோட்டம் முக்கியம்"னு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஜன்னல் வழியாத்தான் புகையும் வந்துச்சு. அப்பாவுக்கு இருமல் நிக்கல, மீட்டர் 93, 92னு இறங்குது. அம்மாவுக்கு அப்போதான் காய்ச்சல் ஆரம்பம், அதனால சாத்தவும் பயம். ஜன்னல் கதவைப் பிடிச்சுக்கிட்டு "திறக்கவா, சாத்தவா, ஏதாவது ஒண்ணு சொல்லு"ன்னு அம்மா கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. இன்னும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகல.

இரவுப்பணி:
நான் செவிலியர். புகைமூட்டம் இறங்கினாலே இருமலும் மூச்சுத்திணறலுமா கூட்டம் வரும். பார்த்த மாத்திரத்தில் ஆஸ்துமாவா கொரோனாவான்னு சொல்ல முடியாது. ரிசல்ட் வர்ற வரைக்கும் எல்லாருக்கும் ஒரே வரிசை. அதுல ஒரு பையன், பள்ளிக்கூட வயசு, நெஞ்சுல வீசிங் சத்தம் எனக்குத் தள்ளி நின்னே கேட்டுச்சு. வழக்கமா உடனே மருந்தைப் பனிமூட்டமாக்கி மூச்சுல கொடுக்குற நெபுலைசர் வைப்போம். அது கிருமியைக் காத்துல பரப்பலாம்னு அப்போ தவிர்க்கச் சொல்லியிருந்தாங்க. ஸ்பேசர்ங்கிற குழாய் மாட்டின இன்ஹேலர்தான். ஒவ்வொரு தடவை மருந்தை இழுத்ததும் பக்கத்துல இருமுறவரைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குக் கொரோனா இல்லைன்னு பிறகு தெரிஞ்சது. புகைக்காக வந்த பிள்ளையைக் கிருமிக்குப் பக்கத்துல உட்கார வெச்சோமேன்னுதான் இன்னும் ஆறல.

கணக்கன்:
எல்லாத்துக்கும் புகைதான் காரணமா? எங்க பெரியப்பா போனது ஊரடங்கு சமயத்துல. வண்டி இல்லை, ஆலை இல்லை, வானம் பளிச்சுன்னு நீலமா இருந்துச்சு. வீடியோ காலில் அந்த ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே அதைத்தான் பார்த்தேன். சுத்தமான காத்து அவரைக் காப்பாத்தலையே. கிருமி வந்தா வந்ததுதான்.

இரவுப்பணி:
கணக்கன் அண்ணா, உங்க பெரியப்பாவுக்காக வருந்துறேன். ஆனா சில வாரம் வானம் நீலமானதால நுரையீரல் புதுசாகிடாது. பல வருஷமா இழுத்த நுண்துகள்தான் கணக்கு. பிஎம் 2.5னு சொல்ற அந்த ரொம்பச் சின்ன துகள் நுரையீரலோட கடைசிக் காற்றுப் பை வரைக்கும் போகும், சளியை வெளியே தள்ளுற நுண்மயிர்களைப் பழுதாக்கும், இதயத்தையும் விடாது. 2020 நவம்பரில் வெளிவந்த ஹார்வர்ட் ஆய்வில், அமெரிக்க மாவட்டங்களை ஒப்பிட்டப்போ, நீண்டகால பிஎம் 2.5 அளவு ஒரு கன மீட்டர் காத்துக்கு 1 மைக்ரோகிராம் கூடுன இடத்தில் கொரோனா இறப்பு விகிதம் 11 சதவீதம் கூடியிருந்துச்சு. மாவட்டக் கணக்குதான், தனி ஆளுக்கு நிரூபணம் ஆகாது, ஒத்துக்கிறேன். ஆனா 2003ல் சீனாவில் கொரோனா வகைக் கிருமியாலேயே வர்ற சார்ஸ் நோய் வந்தப்பவும் காத்து கெட்ட பகுதிகளில் சாவு அதிகம்.

கணக்கன்:
அப்படிப் பார்த்தா அவர் முப்பது வருஷம் உலைக்கூடத்தில் வேலை பார்த்தவர். டாக்டர் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

இருசக்கரம்:
எனக்குக் கொரோனாவில் வாசனை போச்சு. டெலிவரிக்குப் போனப்போ ரோட்டோரம் குப்பை மேடு கனன்றுக்கிட்டிருந்துச்சு. நான் பக்கத்துலயே வண்டியை நிறுத்தி போன் பேசிக்கிட்டிருக்கேன். கண்ணு மட்டும் எரியுது, ஏன்னு புரியல. ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுறதைப் பார்த்தப்புறம்தான் திரும்பினேன். பிளாஸ்டிக் எரியுது, எனக்கு எதுவுமே தெரியல. அந்த நிமிஷம் வந்த பயம் காய்ச்சல் நேரத்தில்கூட வரல.

தாழ்வாரம்:
என் தங்கையும் புகை நாட்களில் மாடிப்படி நடுவுல உட்கார்ந்துடுவா, கொரோனா வந்து மாசக்கணக்கான பிறகும். அதை விடுங்க, யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன். துணி மாஸ்க் எச்சில் துளியைக் கொஞ்சம் தடுக்கும், புகைத்துகளுக்கு அது போதாது. என்95 வேணும், ஓரத்துல இடைவெளி இல்லாம. வால்வு வெச்சது வேண்டாம், நீங்க விடுற மூச்சு வடிகட்டாம வெளியே போகும். மூன்றாம்மாடி, உங்க அம்மா கேட்டதுக்கு: குளிர்காலத்தில் மேலே வெதுவெதுப்பான காத்து மூடியா நிற்கும், புகை மேலே போக வழியில்லாம தரையோட கிடக்கும். அதனால விடியற்காலையில சாத்துங்க, வெயில் ஏறி மூட்டம் கலைஞ்சதும் திறங்க. காய்ச்சல்காரருக்குத் தனி அறை, மாஸ்க். முடிஞ்சா காத்தைச் சுத்தமாக்குற ஹெப்பா வடிகட்டி, அது துகளையும் பிடிக்கும், கிருமி ஒட்டின துளியையும் பிடிக்கும். வீட்டுக்குள்ள கொசுவர்த்தி கூடாது. பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைங்க. விரல் சில்லுன்னு இருந்தா மீட்டர் தப்பாக் காட்டும், தேய்ச்சு சூடாக்கிட்டுப் பாருங்க. அப்பவும் 92ன்னா வீட்டுல வெச்சு யோசிக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. விடியற்காலையில வெளியவே போகாதீங்க.

இருசக்கரம்:
அக்கா, மத்ததெல்லாம் சரி. கடைசியா சொன்னதுதான் முடியாது. எனக்கு ஷிப்டே விடியற்காலை, மாத்திக் கேட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அந்த என்95 ஒண்ணை எத்தனை நாள் போடலாம்?